நான்கு பங்காகப் பிரித்த ஜீவனி

எங்கள் மகள் அபிராமிக்கு முதல் வலிப்பு வந்தது ஒரு புதன்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு. அது நான்கு நிமிடம் நீடித்தது. இந்த இரண்டையும் உறுதியாகச் சொல்வேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் பிள்ளையைப் பிடித்திருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் நடந்த சிலவற்றை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவற்றையும் மறைக்காமல் எழுதவேண்டும் என்றுதான் தொடங்குகிறேன்.

தாய்மாருக்கு வயிற்றோட்டம் பற்றி வகுப்பு எடுக்கும் ஆஸ்பத்திரித் தாதி ஒருவர், நாங்கள் மிஸி என்று கூப்பிடுகிறவர், ஒரு நாள் வந்து எங்கள் அனுபவத்தைச் சொல்லும்படி என்னைக் கேட்டார். எழும்பி நின்று பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். எழுதிக் கொடுக்க ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

அது 1998ஆம் ஆண்டு தை மாதம். சண்டையால் உருத்திரபுரத்தை விட்டு வந்து, வன்னியில் மல்லாவிக்கு வெளியே ஒரு தோட்டக்காணியில் ஓலைக்கொட்டில் போட்டு இருந்தோம். நான், மனைவி சிவமலர், மகள், மூன்று பேர்தான். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. நீர்ப்பாசன அலுவலகத்தில் மழை அளப்பதும் குளத்து நீர்மட்டம் வாசிப்பதும் என் வேலை. இடம்பெயர்ந்த பிறகும் மழைமானியைக் கொட்டிலுக்கு முன்னால் நட்டு, தினமும் காலை எட்டரைக்கு அளந்து கொப்பியில் எழுதிவந்தேன். அதை அனுப்புவதற்கு அலுவலகம் ஒன்று இருக்கவில்லை. அயலவர்கள் என்னை மழைக்காரர் என்று கூப்பிட்டார்கள்.

அபிராமி, எங்களுக்குக் கலியாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்தவள். அப்போது அவளுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும். ஓயாமல் கதைப்பாள். கோழியோடு கதைப்பாள், வாளியோடு கதைப்பாள். காலையில் நான் மழைமானியைத் திறக்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து, "எத்தினை, எத்தினை?" என்று கேட்பாள். நான் எந்த இலக்கத்தைச் சொன்னாலும் தலையை ஆட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சத்தி எடுத்தாள். பின்னேரம் வயிற்றோட்டம் தொடங்கியது. அயலில் வேறு நாலைந்து பிள்ளைகளுக்கும் அப்படியே இருந்தது. திங்கட்கிழமை ஒன்பது முறை போனாள். காய்ச்சல் இலேசாகத்தான் இருந்தது. நான் கொப்பியில் நான்கு கோடு கீறி, நேரம், குடித்தது, சத்தி, வயிறு என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கினேன். பின்னேரம் கிளினிக்குக்குச் சைக்கிளில் போனேன். மருந்துச் சாமான்கள் வருவது அரிதான காலம். வீட்டுக்கு ஒன்றுதான் என்று சொல்லி ஒரு ஜீவனிப் பொட்டலம் தந்தார்கள்.

ஜீவனி என்பது உப்பும் சீனியும் வேறு சில உப்புகளும் அளவாகக் கலந்த தூள். வயிற்றோட்டத்தில் உடம்பு இழக்கிற நீரையும் உப்பையும் அது திருப்பிக் கொடுக்கும். பொட்டலம் முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்கவேண்டும். கரைத்ததை இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது.

அபிராமி ஒரு நாளில் ஒரு லீற்றர் குடிக்கமாட்டாள். பாதியை ஊற்றவேண்டி வரும். இன்னொரு பொட்டலம் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நான் ஒரு வேலை செய்தேன். வெள்ளைக் கடுதாசியில் தூளைக் கொட்டி, அடிமட்டத்தின் விளிம்பால் தட்டி நீள்சதுரமாக்கினேன். அளந்து மூன்று கோடு கீறி, சவர அலகால் நான்காகப் பிரித்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மடித்து இலக்கமிட்டேன். ஒரு பங்குக்குக் கால் லீற்றர் தண்ணீர். தண்ணீரைப் பால்போத்தலில் இருந்த கோட்டின்படி அளந்தேன். மாரி ஈரத்தில் தூளின் ஒரு பக்கம் கட்டிபட்டிருந்தது. அந்தக் கட்டிகள் நான்காம் பங்கில் வந்தன. கரண்டியால் நசித்துச் சேர்த்தேன். நான்கு பங்கும் பார்வைக்கு ஒரே அளவாக இருந்தன. சரியாகச் செய்தோம் என்ற திருப்தி எனக்கு இருந்தது.

திங்கள் இரவு முதற்பங்கைக் குடித்தாள். செவ்வாய் இரண்டும் மூன்றும். செவ்வாய் பின்னேரம் வயிறு நன்றாகக் கட்டுப்பட்டது, சிரித்தாள். புதன் காலை நான்காம் பங்கைக் கரைத்துக் கொடுத்தேன். தாகமாக இருந்ததோ என்னவோ, எட்டரை மணிக்குள் முழுவதையும் குடித்துவிட்டாள்.

ஒன்பது இருபதுக்கு, பாயில் இருந்தவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். கண் மேலே செருகியது. இரண்டு கையும் இரண்டு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. சிவமலர் போட்ட சத்தத்தில் அயல் முழுவதும் ஓடிவந்தது. யாரோ சாவிகள் கோத்த திறப்புக்கோர்வையைக் கொண்டுவந்து பிள்ளையின் கையில் திணித்தார்கள். இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நான்கு நிமிடத்தில் நின்றது. திறப்பால் நின்றது என்று அவர்கள் சொன்னார்கள். நாற்பது நிமிடம் கழித்துத் திறப்பு கையில் இருக்கவே மறுபடி வந்தது.

பக்கத்து வளவுக்காரர் லான்ட்மாஸ்ரரில் பெட்டியைக் கொளுவிக்கொண்டு வந்தார். மண்ணெண்ணெயில் ஓடும் அந்த உழவு இயந்திரம் சைக்கிளைவிட மெதுவாகத்தான் போனது. பாதை முழுவதும் வெள்ளம் நின்றது. வழியில் மூன்றாம் தரம் இழுத்தது. சிவமலர் பிள்ளையை மடியில் வைத்தபடி ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"சனிக்கிழமை நான் பச்சைத் தண்ணி குடுத்தனான். விறகு நனைஞ்சு போச்செண்டு கொதிக்க வைக்கேல்லை. கிணத்துத் தண்ணியைக் குடுத்திட்டன்."

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கி, வலிப்பை நிறுத்தும் மருந்தை மலவாசல் வழியாகச் செலுத்தினார்கள். கையில் நரம்பு அகப்படவில்லை. கடைசியில் காலில் ஊசி ஏற்றி சேலைன் கொளுவினார்கள். டொக்டர் இளம் ஆள், முப்பது வயது இருக்கும். கண் சிவந்து, நித்திரை காணாதவராக இருந்தார். எப்போது தொடங்கியது, எத்தனை முறை போனது என்று கேட்டார். நான் கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் இப்பிடி எழுதிக் கொண்டுவந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். "என்ன குடுத்தனீங்கள்?"

"ஜீவனி."

"எப்பிடிக் கரைச்சனீங்கள்?"

"ஒரு லீற்றருக்கு ஒரு பாக்கெட், டொக்டர்."

அதைச் சொல்லும்போது எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. நான்கு பங்குக்கும் நான்கு கால் லீற்றர்தானே. ஆனால் பிரித்ததைச் சொல்லாமல் விட்டது தற்செயலும் அல்ல. அவர் கொப்பியைப் புகழ்ந்த அந்த நிமிடத்தில், கடுதாசியும் அலகும் சொல்லத்தகாத விசயமாக எனக்குப் பட்டன. சிவமலர் என் பக்கத்தில் நின்றாள். டொக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சின்னப்பிள்ளைகள் வார்ட்டில் இரவில் ஆண்கள் நிற்க முடியாது. பின்னேரம் ஆறு மணிக்கு வெளியே வந்துவிடவேண்டும். வெளிநோயாளர் பகுதியில் ஒரு மர வாங்கில் படுத்தேன். ஆகவே இரவுகளில் நடந்தவை எனக்கு மனைவியும் பக்கத்துக் கட்டில்காரியும் சொன்னவையே.

பக்கத்துக் கட்டில்காரி திரேசம்மா. முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி, வேதக்காரி. மல்லாவிச் சந்தையில் கருவாடு விற்க வந்த இடத்தில் பிள்ளைக்கு வருத்தம் வந்துவிட்டது. மகன் அன்ரனுக்குப் பதினொரு மாதம். அவனுக்கும் அதே வாந்தி, அதே வயிற்றோட்டம். சொல்லப்போனால் அபிராமியைவிடக் கடுமை. முதல் நாளே அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மாஸ்டர், என்னேரமும் எழுத்து? என்ர பெடியன் பேண்டதும் உதுக்குள்ளை ஏறிட்டுதோ?"

"இல்லைத் தங்கச்சி, எங்கட பிள்ளையின்ரை மட்டும்தான்."

"அப்ப இவனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கோ. பின்னடிக்குப் படிக்காமல் திரிஞ்சால், எடுத்துக் காட்டி மானத்தை வாங்கலாம்."

சிவமலர் அதற்கும் சிரிக்கவில்லை. ஆனால் திரேசம்மாவின் பக்கம் திரும்பி இருந்தாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் பிள்ளை விழிக்கவில்லை. கிள்ளினால் முகத்தைச் சுளிப்பாள், கண் திறக்கமாட்டாள். டொக்டர் எங்கள் இருவரையும் இருத்தி விளங்கப்படுத்தினார்.

"இது வயித்திலை வாற வைரஸ் கிருமி. அநேகமான பிள்ளையள் நாலைஞ்சு நாளிலை எழும்பி ஓடித் திரியுங்கள். எங்கையோ ஒரு பிள்ளைக்கு மாத்திரம் அது தலையைத் தாக்கும். சிலதுகளுக்கு வயித்தோட்டம் குறையுற நேரத்திலை ரெண்டு மூண்டு வலிப்பு வரும், பிறகு ஒண்டுமில்லாமல் போயிடும். வேறை சிலதுகளுக்கு மூளையிலையே அழற்சி வரும். உங்கட பிள்ளை எதிலை எண்டு இண்டைக்குச் சொல்லேலாது."

"ஏன் எங்கட பிள்ளைக்கு?" என்று சிவமலர் கேட்டாள்.

"அது எனக்கும் தெரியாது அம்மா."

மூளையைச் சுற்றியுள்ள உறையில் வேறு கிருமி பிடித்திருக்கிறதா என்று பார்க்க, முள்ளந்தண்டின் கீழ்ப்பக்கத்தில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுக்கவேண்டும் என்றார். மூளையைச் சுற்றியிருக்கும் நீரே அங்கும் இறங்கி நிற்கிறது. முதுகில் ஊசி போட்டால் கால் வழங்காமல் போய்விடும் என்று வார்ட் முழுவதும் கதை. சிவமலர் ஓம் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கையெழுத்து வைத்தேன். நீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தது. தெளிவாக இருந்தால் நல்லது என்றார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்றைய இரவைக் கழித்தேன்.

அன்றிலிருந்து சிவமலர் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினாள். பிள்ளை எழும்பி அம்மா என்று சொல்லும்வரை தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டாளாம். வார்ட்டுக்கு யார் வந்தாலும் கிணற்றுத் தண்ணீர்க் கதையைச் சொன்னாள். நான் கொண்டுபோன சோற்றுப் பார்சலை அவள் திருப்பித் தந்தபோது திரேசம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்கள் பட்டினி கிடந்தாப் பிள்ளை கதைக்குமெண்டால், அக்கா, இந்த வன்னி முழுக்கப் பிள்ளையள் பாட்டெல்லோ பாடோணும்! தின்னுங்கோ. கிணத்துத் தண்ணியாம். நாங்கள் எல்லாரும் என்ன, தேவலோகத்துத் தண்ணியே குடிக்கிறம்?"

நான் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, வார்ட் விறாந்தையில் மிஸி தாய்மாரைக் கூட்டி இருத்தி வகுப்பு எடுத்தார். கையில் ஒரு ஜீவனிப் பொட்டலம் வைத்திருந்தார்.

"பாக்கெட்டை முழுசாக் கரைக்கோணும். சிலபேர் மிச்சம் பிடிக்கப் பாதி பாதியாப் பிரிச்சுக் கரைக்கினம். அது கூடாது. உள்ளுக்கை இருக்கிறது ஒரு சாமானில்லை. உப்பு வேறை, சீனி வேறை. குலுங்கிக் குலுங்கி வரேக்கை ஒண்டு அடியிலை போயிடும். நீங்கள் சரிபாதியாப் பிரிச்சாலும் ஒரு பாதியிலை உப்புக் கூடும். உப்புக் கூடினால் பிள்ளைக்கு வலிப்பு வரும்."

ஒரு தாய் கேட்டாள்: "தராசிலை நிறுத்துப் பிரிச்சால்?"

"நிறுத்தாலும் நிறைதான் சரியா வரும். உள்ளுக்குக் கிடக்கிறது சரியா வருமோ?"

தாய்மார் சிரித்தார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரேசம்மா அன்ரனை இடுப்பில் வைத்தபடி எழும்பினாள். பெடியன் அவளுடைய தாலிக்கொடியைச் சப்பிக்கொண்டிருந்தான். "நான் உந்தப் பாக்கெட்டைக் கண்ணாலையும் கண்டதில்லை" என்று பொதுவில் சொன்னாள். "கஞ்சித்தண்ணியும் செவ்விளநீரும்தான்."

டொக்டரைத் தேடிப் போனேன். சத்திரசிகிச்சை அறையில் நின்றார். வெளியே வரும்வரை ஒன்றேகால் மணித்தியாலம் காத்திருந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தரம் எழும்பினேன். மூன்றாந்தரம் எழும்பும்போது அவர் வந்துவிட்டார். கடுதாசி, அடிமட்டம், அலகு, கட்டிபட்ட நான்காம் பங்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனையை மூடினார்.

"கடைசியாக் குடுத்தது எந்தப் பங்கு?"

"கட்டிபட்டது."

"எத்தினை மணிக்கு?"

"எட்டுக்கும் எட்டரைக்கும் இடையிலை."

அவர் சுவரில் சாய்ந்தார். பிறகு அமைதியாகவே சொன்னார். இரத்தத்தில் கரைந்திருக்கும் உப்பைச் சோடியம் என்பார்கள். அது அளவுக்கு மிஞ்சினால் மூளையிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும், அதனாலும் வலிப்பு வரும். அப்படி மிஞ்சிய பிள்ளைக்குச் சேலைனை வேகமாக ஓடவிட்டால், காய்ந்த மூளை நீரை உறிஞ்சி வீங்கிவிடும்.

"புதன்கிழமை சொல்லியிருந்தால் அண்டைக்கே ரத்தம் எடுத்திருப்பன். சேலைனையும் வேறை மாதிரி..." என்று தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் மெதுவாத்தான் விட்டனான். இப்ப இதையே யோசிச்சுக்கொண்டு நிண்டு நீங்களும் விழுந்துபோடாதேங்கோ" என்றார்.

சோடியம் பார்க்கும் இயந்திரம் மல்லாவியில் இல்லை. அன்றைக்கே இரத்தம் எடுத்து, மறுநாள் நோயாளர்களோடு வவுனியா போகும் அம்புலன்சில் ஐஸ் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். இராணுவ எல்லையில் எவ்வளவு நேரம் மறித்து வைத்திருப்பார்களோ, ஐஸ் அதுவரை தாங்குமோ என்று எதுவும் தெரியாது. இரத்தம் புறப்பட்டாவது போய்விட்டது என்பதில் ஒரு ஆறுதல்.

சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அபிராமி கண் திறந்தாள். நான் அப்போது கட்டிலடியில் நின்றேன். என்னைப் பார்த்தாள், அடையாளம் கண்டாள். அது எனக்கு நிச்சயம். பார்வை என் முகத்தில் வந்து நின்றது. நான் "அபி" என்றேன். வாய் கொஞ்சம் அசைந்தது, சத்தம் வரவில்லை. சிவமலர் தூக்கி இருத்தினாள். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. தாயின் சங்கிலியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கை நடுங்கி நடுங்கி, சங்கிலியைத் தாண்டிப் போய்க் காற்றைப் பிடித்தது.

திரேசம்மா அன்றைக்கு வீட்டுக்குப் போகவேண்டியவள். அன்ரன் சுகமாகி, கட்டில் கம்பியைப் பிடித்து நின்று ஆடிக்கொண்டிருந்தான். சாமான்களைக் கட்டி முடித்தவள், பிள்ளையின் கை காற்றைப் பிடித்ததைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு, சிவமலரின் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தாள். பகிடி ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது என்னிடம், "அண்ணை, நான் என்ர பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போறது உங்களுக்கு நோகும். குறை நினையாதேங்கோ" என்றாள். மாஸ்டர் என்று சொல்லாமல் அவள் என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தரந்தான்.

டொக்டர் வந்து சோதித்து விளங்கப்படுத்தினார். பின்னந்தலைக்குள் சிறுமூளை என்று ஒரு பகுதி இருக்கிறது. நடக்கும்போது விழாமலும், கையை நீட்டும்போது தவறாமலும், கதைக்கும்போது சொல் உடையாமலும் பார்த்துக்கொள்வது அதுதான். அதில் அழற்சி வந்தால் சில பிள்ளைகள் பேச்சை அடியோடு விட்டுவிடுவார்கள். சொற்கள் உள்ளே இருக்கும், வெளியே கொண்டுவர முடியாது.

"திரும்ப வருமோ?" என்று கேட்டேன்.

"வாறது உண்டு. கிழமைக்கணக்கிலை, மாதக்கணக்கிலை. முழுசா வருமோ எண்டு கேட்டால், எனக்குத் தெரியாது. ஸ்கான் எடுக்கிறதெண்டால் கொழும்புக்குத்தான் போகோணும். எடுத்தாலும் வைத்தியம் இதுதான். நீங்கள் ரெண்டுபேரும் பிள்ளையோடை கதைச்சுக்கொண்டே இருங்கோ. பதில் வராட்டிலும் விடாதேங்கோ."

அடுத்த செவ்வாய்க்கிழமை வவுனியாவிலிருந்து இரத்தப் பரிசோதனை முடிவுத் துண்டு வந்தது. சோடியம் சாதாரண அளவில் இருந்தது. ஒரு நிமிடம் எனக்கு உடம்பு இலேசாகியது. பிறகு டொக்டரைக் கேட்டேன்.

"அப்ப என்னாலை இல்லையோ?"

"இது வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தம். ரெண்டு நாள் சேலைன் ஓடினாப் பிறகு. புதன்கிழமை என்னவா இருந்ததெண்டு இதிலை தெரியாது." துண்டை என்னிடம் தந்து, "சிறுமூளையிலை வந்தது அநேகமா வைரசாலைதான். உப்பாலை வந்திருந்தால் வேறை மாதிரி இருக்கும். வலிப்பு? அதையும் வைரஸ் செய்திருக்கலாம். உப்பும் உதவியிருக்கலாம். நான் சத்தியம் பண்ணேலாது" என்றார்.

அந்தத் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். வேண்டுமானால் அதை மனைவியிடம் காட்டி, எல்லாம் சரியாம் என்று சொல்லிவிடலாம். டொக்டர் எதையும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் கிணற்றுத் தண்ணீரை நினைத்தபடியே ஆறாவது நாளாக மத்தியானம் சாப்பிடாமல் இருந்தாள்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் பிள்ளையின் துணிகளைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். இரண்டாம் வாளி ஊற்றும்போது சொன்னேன்.

"மலர், நீ குடுத்த தண்ணியாலை இல்லை. நான் ஜீவனியைப் பிரிச்சது பிழையாம். டொக்டரிட்டை முதல் நாள் நான் அதைச் சொல்லேல்லை."

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து முடித்தாள்.

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லோணும்? நீங்கள் அடிமட்டம் வைச்சுக் கீறேக்கை விளக்குப் பிடிச்சது ஆர்?"

"டொக்டர் கேட்டநேரம்..."

"பக்கத்திலைதானே நிண்டனான். நீங்கள் ஒரு லீற்றருக்கு ஒண்டு எண்டு சொல்லிப்போட்டியள். அதுக்குமேலை நான் என்னெண்டு, இல்லை டொக்டர், இவர் பிரிச்சவர் எண்டு சொல்லுறது? ஆக்களுக்கு முன்னாலை உங்களை நான் எப்ப மறுத்துக் கதைச்சனான்?"

"பிழையெண்டு உனக்கு அப்ப தெரியுமோ?"

"பிழையெண்டு தெரியாது. சொல்லவேணும் எண்டு மட்டும் மனம் சொன்னது. வாய் வரேல்லை." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "அதுக்குப் பிறகு கிணத்துத் தண்ணி, கிணத்துத் தண்ணி எண்டு வாறவை போறவைக்கெல்லாம் சொன்னன். என்ர பிழையாவே இருக்கட்டும் எண்டு. அப்பிடிச் சொல்லச் சொல்ல அதுதான் உண்மையெண்டும் வந்திட்டுது."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்களுக்குள் அந்தச் சொல் பழக்கமில்லை. மீதித் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். மறுநாள் மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து, அவள் பாதியும் நான் பாதியுமாகச் சாப்பிட்டோம். நேர்த்தி என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வலிப்பு வராமல் தடுக்கும் குளிசை இரவில் பாதி. பகல் முழுவதும் இரண்டுபேரும் மாறி மாறிக் கதைத்தோம். கதைத்துப் பழகாத நான் மழை அளவைக்கூட அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். சிரிப்பு வந்தது. அழுகை சத்தத்தோடு வந்தது. சொல் மட்டும் வரவில்லை.

இதை வாசிக்கும் தாய்தகப்பனுக்கு மூன்று விசயம் சொல்லவேண்டும். ஜீவனியைப் பிரிக்காதீர்கள். மிஞ்சினால் ஊற்றுங்கள், அது வீண் அல்ல. வயிற்றோட்டம் குறைந்து பிள்ளை தேறும் நேரத்திலும் வலிப்பு வரலாம். வந்தால் திறப்பைத் தேடாமல், பிள்ளையை ஒரு பக்கம் சரித்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். டொக்டர் கேட்டால் செய்ததைச் செய்தபடி சொல்லுங்கள். ஒருவர் சொல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கும் மற்றவர் சொல்லுங்கள்.

இப்போது அபிராமிக்கு மூன்றேமுக்கால் வயது. காலை அகல வைத்து, தெப்பத்தில் நிற்பவள் மாதிரி நடக்கிறாள். ஓடினால் விழுகிறாள். சொற்கள் ஒவ்வொன்றாக, நடுவில் உடைந்து வருகின்றன. அயற்பிள்ளைகள் அதைப்போலவே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். முன்புபோல் கோழியோடு கதைப்பதில்லை.

அவளுடைய முதற்சொல் வந்தது, வருத்தம் வந்து ஏழு கிழமைக்குப் பிறகு, மாசி மகம் கழிந்த ஒரு பின்னேரம். அவளை மடியில் சாய்த்து, கொதித்தாறிய தண்ணீரைக் கோப்பையில் பருக்கிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு வாய் என்று கோப்பையைக் கிட்டக் கொண்டுபோனேன். அவள் முகத்தைத் திருப்பினாள். தொண்டைக்குள் ஏதோ உருண்டது. பிறகு வந்தது, இரண்டு துண்டாக.

"வே... ணாம்."

எனக்குக் கேட்டது சரிதானா என்று தெரியவில்லை. மெய்யாகவே சொல்தானா என்று பார்க்க, கோப்பையை மறுபடி நீட்டினேன்.

"வே... ணாம்."

சிவமலர் குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள்.

"கேட்டியளோ? உங்களுக்கு முகத்துக்கு நேரை வேண்டாமெண்டு சொல்ல இந்த வீட்டிலை ஒராள் வந்திட்டுது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அந்த இடத்திலேயே குந்தி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மூன்றாந்தரம் நான் கோப்பையை நீட்டவில்லை.